மண்ணுட் புதைத்த படைக்கலமும் தளபதி டி வெட்டும்

வீரம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது குதிரையும் வாளும் போர்முழக்குமே யாகும். ஆயினும் வீரத்திற்கு உற்ற துணையாய் நின்று, பெரும்பாலும் புகழப்படாமற் போகின்ற குணம் ஒன்றுண்டு. அது பேணுதல் என்பது. பெற்ற பொருளைக் கெடாமற் காத்து, வேண்டிய காலத்து வேண்டியாங்கு எடுத்துப் பயன்கொள்ளும் திறமே பேணுதலாம். இல்லறத்தார்க்கும் உழவர்க்கும் வணிகர்க்கும் இன்றியமையாத இக்குணம், ஒரு படைத்தலைவர் வாழ்விலே எவ்வாறு விளங்கிற்று என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் இத்திங்கள் எடுத்துரைக்க எண்ணினோம். அத்தலைவர் தென்னாப்பிரிக்கப் போயர் மக்களின் தளபதி கிறிஸ்தியான் ருடால்ப் டி வெட் ஆவர்.

இவர் 1854-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 7-ஆம் நாள், ஆரஞ்சு சுதந்திர நாடு என வழங்கிய பகுதியில், ஸ்மித்பீல்டு என்னும் ஊரைச் சார்ந்த பண்ணை ஒன்றிற் பிறந்தார். தந்தையார் ஜாக்கோபஸ் இக்னேஷியஸ் டி வெட் என்பார். அவர் பெயராலேயே டி வெட்ஸ்டார்ப் என்றோர் ஊர் அந்நாட்டில் அமைந்தது. போயர் என்னும் டச்சுச் சொல்லுக்கு உழவன் என்பதே பொருள். அம்மக்களிடம் சம்பளம் வாங்கும் நிலைப்படை மிகச் சிறிது. போர் வந்தால் பண்ணையாளன் தன் குதிரையையும் தன் துப்பாக்கியையும் சில நாளைக்குரிய உணவையும் கொண்டு தன் வட்டாரத்துப் படையிற் சேருதல் வேண்டும். ஆகவே, ஏரைக் காப்பது போலவே துப்பாக்கியைக் காப்பதும் அவ்வீட்டுப் பிள்ளைகட்கு இளமையிலேயே கற்பிக்கப்பட்டது. டி வெட் பள்ளியிற் கற்றது சிறிது. வெளியிலும் மந்தையிலும் கற்றது பெரிது. 1873-ஆம் ஆண்டில் கொர்னேலியா க்ரூகர் என்னும் நங்கையை மணந்தார். இவர்கட்குப் பதினாறு மக்கள் பிறந்தனர்.

1881-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் மஜூபா என்னும் மலைமேல் நிகழ்ந்த போரில், ஆங்கிலப் படையைப் போயர்கள் முறியடித்த காலத்து, டி வெட்டும் மலையேறிப் போர் புரிந்தவருள் ஒருவர். அதன்பின் பல ஆண்டுகள் பண்ணைத் தொழிலிலும், தம் நாட்டுச் சட்டசபைப் பணியிலும் கழிந்தன. டிரான்ஸ்வாலிற் பொன்வயல்கள் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர் ஆங்கில அரசுக்கும் போயர் குடியரசுகட்கும் பகை முற்றிற்று. டிரான்ஸ்வால் அரசு செர்மனி தேசத்திலிருந்து 37,000 மாசர் துப்பாக்கிகளை வருவித்தது. ஒரே முறையில் ஐந்து தோட்டாக்களை ஏற்றத்தக்க இக்கருவி, புகை எழுப்பாத மருந்தினால் நெடுந்தொலைவு சுடவல்லது. 1899-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திற் போர் மூண்டபோது, நாற்பத்தைந்து வயதினரான டி வெட் யாதொரு பதவியுமின்றி, தம் மைந்தர் மூவரோடு எளிய போர்வீரராகவே புறப்பட்டார். சில கிழமைகளில் நிக்கல்சன்ஸ் நெக் என்னும் கணவாயில், எண்ணூற்றுக்கு மேற்பட்ட ஆங்கில வீரர் சரணடைதற்கு இவரது துணிவு காரணமாயிற்று. ஆண்டு முடிவதற்குள் தளபதிப் பதவி இவரை நாடி வந்தது.

எனினும் அடுத்த ஆண்டு தொடங்கியபின் போயர்களுக்குக் கெடுகாலம் நேர்ந்தது. 1900 பிப்ரவரி 15-ல் வாட்டர்வால் துறையில் ஆங்கிலச் சேனாதிபதி ராபர்ட்ஸ் பிரபுவின் உணவு வண்டித் தொகுதியை டி வெட் கைப்பற்றினார். ஆனால் பிப்ரவரி 27-ஆம் நாள் தளபதி கிரானியே ஏறத்தாழ 4,000 பேரோடு பார்டபர்க் என்னுமிடத்திற் சரணடைந்தார். அது மஜூபா வெற்றியின் ஆண்டு நிறைவு நாளாகவும் இருந்தது. மார்ச்சு 13-ல் தலைநகராகிய புளூம்பாண்டைனும் வீழ்ந்தது. போயர் வீரர் மனமுடைந்து வீடு நோக்கிச் சிதறினர். இவ்விடத்தில் டி வெட் செய்தது பலருக்கு வியப்பளித்தது. அவர் வீரரைத் தடுக்கவில்லை. பத்து நாள் விடுமுறை அளித்து, இல்லம் சென்று வருமாறு தாமே அனுப்பினார். அச்சத்தாற் பிடித்துவைக்கப்பட்டவன் போரிடான், மனமுவந்து திரும்பி வருபவனே போரிடுவான் என்பது அவர் கருத்து. மீண்டு வந்தவர் தொகையாற் குறைந்தனர், உறுதியால் மிகுந்தனர். அவர்களைக் கொண்டே மார்ச்சு 31-ல் சன்னாஸ் போஸ்ட் என்னுமிடத்திற் புளூம்பாண்டைன் நகரின் நீர்நிலையத்தையும் ஏழு பீரங்கிகளையும் கைப்பற்றினார்.

அவ்வமயம் ராபர்ட்ஸ் பிரபு ஓர் அறிவிப்பு விடுத்தார். துப்பாக்கியை ஒப்புவித்துச் சத்தியம் செய்து கொடுப்பவர் தத்தம் பண்ணையிற் சென்று வாழலாம் என்பது அதன் சாரம். பலர் வந்து ஒப்புவித்தனர். ஆனால் அவர்கள் கொணர்ந்தவற்றுட் பல பழைய மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கிகளும் தகப்பன் பாட்டன் காலத்துக் கருவிகளுமாம். புதிய மாசர்கள் பல, பண்ணை நிலங்களில் மண்ணுட் சென்று மறைந்தன. போர் மீண்டும் கிளர்ந்தெழுந்தபோது அவற்றை அகழ்ந்தெடுத்துப் படையிற் சேர்ந்தவர் பலர்.

ஈண்டு நம் அன்பர்கட்கு ஓர் ஐயம் எழலாம். இரும்பை மண்ணிற் புதைத்தால் துருவேறிக் கெடாதோ என்பதே அது. ஐயம் நியாயமானது. ஆதலின் வரலாற்றைச் சிறிது நிறுத்தி, துருவின் இயல்பை விளக்கிச் செல்வோம்.

துரு என்பது இரும்பை நீரும், காற்றிலுள்ள பிராணவாயுவும் ஒருங்கே பற்றுவதால் விளைவது. இவ்விரண்டில் ஒன்று இல்லையாயினும் துரு இல்லை. முற்றும் உலர்ந்த காற்றில் இரும்பு நெடுங்காலம் பளபளவென்று இருக்கும். காற்று நீங்குமாறு காய்ச்சி மூடிய தூய நீரிலும் அவ்வாறே இருக்கும். இரண்டும் கூடிய இடத்திலே கேடு தொடங்கும். செம்பிற் படியும் களிம்பு கீழுள்ள உலோகத்தை ஒருவாறு காக்கும். இரும்பின் துருவோ அங்ஙனமன்று. அது தான் தின்ற இரும்பினும் மிகுதியான இடத்தைக் கொள்வதால், பொருக்குப் பொருக்காய் உதிர்ந்து, உள்ளிருக்கும் புதிய இரும்பை மீண்டும் காற்றுக்குக் காட்டிக் கொடுக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபதைக் கடந்தால் இக்கேடு விரைந்து வளர்வதை ஆராய்ச்சியாளர் கண்டனர். உப்புச் சிறிதேனும் கலந்தால் விரைவு பன்மடங்காம்.

இவ்வுப்பு வெளியிலிருந்து வரவேண்டுவதில்லை. துப்பாக்கியின் குழலுள்ளேயே பிறக்கும். பழைய கரிய வெடிமருந்து எரிந்தபின் எஞ்சும் கசடு, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. புகையில்லா மருந்து வந்தபின்னும், தோட்டாவின் பின்புறத்திலிருந்த பற்றுமருந்தில் பொட்டாசியம் குளோரேட் என்னும் பொருள் அக்காலத்திற் கலந்திருந்தது. அது வெடித்தபின் நம் சமையலுப்பை ஒத்த ஓருப்பைக் குழலிற் படியவிடும். எண்ணெய் அவ்வுப்பைக் கரைப்பதில்லை; வெந்நீரே கரைக்கும். ஆகையால், சுட்ட துப்பாக்கிக்கு வெறும் எண்ணெய் பூசி வைத்தவன், துருவுக்கு மேலே போர்வை போர்த்தியவனே யாவன். முதலில் வெந்நீர் விட்டுக் கழுவி, நன்கு உலர்த்தி, அதன்பின்னரே எண்ணெய் இடுதல் முறை. கழுவாமற் பூசுதல் அழுக்கின்மேற் சந்தனம் தடவுதலை ஒக்கும்.

எண்ணெயிலும் வேறுபாடு உண்டு. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகி வார்னிஷ் போலாகும். மரக்கட்டைக்கு அது நன்று, நுண்ணிய பொறிகட்குத் தீது. உப்பிட்ட கொழுப்பு இரும்புக்குப் பகை. உப்பில்லாக் கொழுப்பும் தேன்மெழுகும் ஒருவாறு காக்கும். எனினும் கொழுப்பு நாட்பட்டாற் புளித்து அமிலமாகும். நிலத்தடியிலிருந்து எடுக்கும் மண்ணெண்ணெய் வகைகளே இவ்வகையிற் சிறந்தவை. அவை காறுவதுமில்லை, இறுகுவதுமில்லை. ஆங்கிலப் படையினர் தம் துப்பாக்கிகட்கு இட்டுவந்த எண்ணெய்க்கு இரங்கூன் எண்ணெய் என்றே பெயர். பர்மா தேசத்து எண்ணெய்க் கிணறுகளால் வந்த பெயர் அது. அமெரிக்கராகிய ராபர்ட் செஸ்பரோ என்பவர் 1872-ல் உரிமை பெற்ற வாசலின் என்னும் பசையும் அவ்வினத்ததே. ஆங்கிலேயரின் கார்டைட் என்னும் புகையில்லா மருந்திலும் வாசலினை நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்த்தனர்.

இனி, மண்ணின் இயல்பையும் நோக்குவோம். களிமண் நீரைப் பிடித்து வைக்கும். மணல் நீரை வடிய விடும். மழைக்காலத்திற் புதைத்த பெட்டியினுள் ஈரக்காற்றும் உடன் புகும். இரவில் மண் குளிரும்போது அவ்வீரம் பனித்துளியாய் இரும்பின்மேற் படியும். தோலுறையில் இட்டு வைத்தாற் பாதுகாப்பு என்று எண்ணுவாருண்டு. அது பிழை. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, தன்னிடமுள்ள பதச்சரக்குகளையும் சேர்த்து இரும்பை அரிக்கும். துப்பாக்கியின் மரக்கட்டையும் ஈரம் உண்டு பருத்துத் தன்னைத் தொட்டிருக்கும் இரும்பைக் கெடுக்கும். சுட்ட சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சும் என்பது பழங்காலத்தார் அறிந்த முறை. பிற்காலத்தார் அதற்கு மணலினத்துச் சிலிக்கா என்னும் உலர்த்தியைக் கண்டனர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கர் காஸ்மோலின் என்னும் கெட்டிப் பசையைத் துப்பாக்கிகள்மேல் அப்பிச் சேமித்தனர். பல பத்தாண்டுகள் கழித்து அதனைக் கழுவியெடுத்தபோது இரும்பு புதியதுபோல் விளங்கிற்று.

இவ்வளவும் அறிந்தபின், டி வெட்டின் வாழ்வில் மிகவும் பேசப்பட்ட ஒரு நாளுக்கு வருவோம். 1900 ஜூன் 5-ஆம் நாள் டிரான்ஸ்வாலின் தலைநகராகிய பிரிட்டோரியாவும் வீழ்ந்தது. போர் முடிந்தது என்று உலகம் எண்ணிற்று. இரண்டே நாள் கழித்து, ஜூன் 7-ல், ஆங்கிலப் படைக்குப் பின்புறத்தே, ரூடவால் என்னும் சிறு புகைவண்டி நிலையத்தையும், அருகிலுள்ள ரெனாஸ்டர் ஆற்றுப் பாலத்தையும் டி வெட்டும் அவர் துணைவரும் ஒருங்கே தாக்கினர். பாலங்கள் முன்னரே உடைபட்டிருந்தமையால், வடக்கே சென்ற பெரும்படைக்குரிய பொருள்களெல்லாம் அந்நிலையத்திலே குவிந்து கிடந்தன. குளிர்கால உடைகள், போர்வைகள், உணவு, வீரர்க்கு வந்த கடித மூட்டைகள், பீரங்கிக் குண்டுகள், லீ-மெட்போர்டு துப்பாக்கிக்குரிய தோட்டாப் பெட்டிகள் ஆகிய எல்லாம் அவர் கைப்பட்டன.

கொள்ளையிலே மயங்காத தலைவர் அரியர். போயர் வீரர் உடைகளையும் கடிதங்களையும் கிளறிக் கொண்டிருக்க, டி வெட்டின் கண் தோட்டாப் பெட்டிகளின் மேலேயே நின்றது. அத்தோட்டாக்கள் மாசருக்குப் பொருந்துவனவல்ல. அவற்றைக் கண்டு பிறர் அலட்சியம் செய்திருப்பர். ஆனால் டி வெட் நெடுநோக்கினர். மாசர்த் தோட்டா கடல் கடந்து வரவேண்டுவது. வழியோ அடைபட்டுக் கொண்டிருந்தது. ஆங்கிலேயரிடம் பறித்த துப்பாக்கிகளோ தம் மக்களிடம் பல இருந்தன. நாளை அத்துப்பாக்கியே கைக்கருவியாகும், அப்போது இத்தோட்டாவே உயிர்நிலையாகும் என்பதை அவர் உணர்ந்தார். நூற்றுக்கணக்கான பெட்டிகளை நிலையத்தினின்று அப்புறப்படுத்தச் செய்து, எஞ்சிய பொருளுக்குத் தீயிட்டார். அத்தீயும் குண்டு வெடிப்பும் இரவு வானத்தை நெடுந்தொலைவு ஒளிரச் செய்தன.

பின் அப்பெட்டிகளை வண்டிகளில் ஏற்றி, அணித்தேயிருந்த தம் சொந்தப் பண்ணையாகிய ரூடபோர்ட்டுக்கு அனுப்பினார். அங்கே ஆற்றைக் கடக்கும் துறையொன்றுண்டு. அதன் கரை மணற்பாங்கானது. அம்மணலுள்ளே பெட்டிகளைப் புதைத்து, அதன்மேல் வண்டிகளை முன்னும் பின்னும் பலமுறை ஓட்டி, அகழ்ந்த சுவடு தெரியாதவாறு செய்யவேண்டும் என்பது அவர் இட்ட கட்டளை. வண்டிகள் நாள்தோறும் செல்லும் துறையில் வண்டிச்சுவட்டைக் கண்டு ஐயுறுவார் எவர்?

இச்செயலின் நுட்பத்தை, மேலே கூறிய துருவின் இலக்கணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். முதலாவது, புதைத்த பொருள் தோட்டா; அதன் கூடு பித்தளை. செம்பும் நாகமும் கலந்த அவ்வுலோகம் இரும்பைப்போல் துருப்பிடிப்பதில்லை. இரண்டாவது, இடம் மணல். நீர் தங்காது வடியும். மூன்றாவது, காலம் ஜூன் மாதம். தென்னாப்பிரிக்க மேட்டுநிலத்தில் அது குளிர்காலம்; அங்கே குளிர்காலமே மழையற்ற வறண்ட காலம். அக்டோபர் தொடங்கியே மழை வரும். ஆற்றங்கரை ஆதலின், மழைக்காலத்து வெள்ளம் வருமுன் எடுத்துவிடவேண்டும் என்ற எல்லையும் அதற்கு உண்டு. அம்மணலினின்று எடுத்த தோட்டாக்கள் பின்னர் அவர் படைக்குப் பயன்பட்டன.

பித்தளைக்கும் தனியே ஒரு பகையுண்டு என்பதை நம் நாட்டு அனுபவமே உலகிற்கு உணர்த்திற்று. இந்தியாவில் மழைக்காலத்திற் குதிரை லாயங்களை அடுத்துச் சேமித்து வைத்த தோட்டாக் கூடுகள் தாமே பிளந்துபோயின. பருவத்தில் நேர்வதால் அதனைப் பருவப்பிளவு என்றே ஆங்கிலேயர் பெயரிட்டனர். குதிரைச் சிறுநீரினின்று எழும் நவச்சார வாயு, ஈரத்தோடு கூடி, இறுக்கி உருவாக்கிய பித்தளையைப் பிளக்கின்றது என்பது 1921-ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து தெளியப்பட்டது. ஆகவே பொருளுக்குத் தக்க இடம், இடத்திற்குத் தக்க காப்பு என்பதை மறத்தலாகாது.

ரூடவால் நிகழ்ச்சி ராபர்ட்ஸ் பிரபுவைச் சினமூட்டிற்று. அதே ஜூன் மாதத்தில் டி வெட்டின் பண்ணைவீடு தீயிடப்பட்டது. உத்தரம் எரிந்தது; சுவர் இடிந்தது. ஆனால் அப்பண்ணையின் துறைமணலுள் புதைந்த பெட்டிகள் எரியவில்லை. வீட்டைக் காட்டிலும் நாட்டைப் பெரிதாய் எண்ணியவர் எதனை மறைத்து வைத்தார், எதனை வெளியே விட்டுவைத்தார் என்பதை இது காட்டும். பண்ணைகளை எரிக்கும் இம்முறை பின்னர் நாடெங்கும் பரவிற்று. வீடிழந்த பெண்டிரும் சிறாரும் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவருள் ஏறத்தாழ 26,000 பேர் நோயாலும் பட்டினியாலும் மாண்டனர். கறுப்பின மக்கட்குத் தனி முகாம்கள் இருந்தன. அங்கும் பதினாயிரக்கணக்கானோர் மாண்டனர். அவர் கணக்கை ஒழுங்காக எழுதி வைத்தாருமில்லை.

இரும்பைத் தின்னும் துருவைக் காட்டிலும் கொடியதொன்று அவ்வாண்டில் டி வெட்டைத் தாக்கிற்று. அவருடன் பிறந்த தம்பியாகிய பியட் டி வெட்டும் பெயர்பெற்ற தளபதியே. மே 31-ல் லிண்ட்லி என்னும் ஊரில் ஆங்கிலக் குதிரைப்படை ஒன்றைச் சிறைசெய்தவர் அவர். ஆயினும் இனிப் போரிடுதல் நாட்டை அழிப்பதே என்று கருதி, ஜூலை மாதத்திற் சரணடைந்தார். தமையனாரையும் போரை விடுமாறு கடிதம் எழுதி வேண்டினார். பின்னர் ஆங்கிலேயர் பக்கமே நின்று பணிபுரிந்தார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் இரு கொடியின்கீழ் நின்றனர். எவர் கருத்து நேரிது என்று இன்று நாம் தீர்ப்புச் சொல்லப் புகவில்லை. போரை நீட்டித்தமையால் முகாம்களில் நேர்ந்த சாவைக் கருதுவார் தம்பியின் பக்கம் இரங்குவர். கொடுத்த சொல்லைக் கருதுவார் அண்ணனைப் புகழ்வர். இக்குடும்பத்தின் பிளவு ஒரு சமூகத்தின் பிளவுக்கு அடையாளமாயிற்று என்பது மட்டும் உண்மை. பகைவன் சுட்ட குண்டினும் இப்பிளவே போயர் மக்களை நெடுங்காலம் வருத்திற்று.

அதன்பின் ஈராண்டுக் காலம் டி வெட்டைப் பிடிப்பதே ஆங்கிலப் படையின் பெருவேலை யாயிற்று. பெருந்தொகையான போயர் சேனை மலைவளைவில் அகப்பட்டுச் சரணடைந்தபோதும், அவர் ஜூலை 15-ஆம் நாள் இரவிலே தலைவர் ஸ்டைனோடும் இரண்டாயிரத்துச் சொச்சம் வீரரோடும் நழுவிச் சென்றார். ஆயிரக்கணக்கான காவற்கூண்டுகளும் முள்கம்பி வேலிகளும் நாட்டைக் கட்டங்கட்டமாகப் பிரித்தன. அவற்றையும் கடந்தார். 1901-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள் விடியலில் குரூன்கோப் என்னும் குன்றின்மேல் உறங்கிய ஆங்கிலப் பாசறையை வென்றார். இதற்குள் மாசர்த் தோட்டா அருகிவிட்டது. ரூடவாலில் டி வெட் முன்னறிந்தவாறே, போயர் வீரர் பெரும்பாலும் பகைவரிடம் பறித்த துப்பாக்கியையும் பகைவரது தோட்டாவையுமே கொண்டு போரிட்டனர்.

இப்போரின் அலை நம் நாட்டையும் தொட்டது. நேட்டாலில் வாழ்ந்த நம் தமிழ்க் கூலிமக்களும் பிறரும் காந்தியடிகள் திரட்டிய இந்தியத் தொண்டர் படையில் ஏறத்தாழ 1,100 பேராய்ச் சேர்ந்து, காயமுற்றவரைத் தோளிற் சுமந்தனர். சிறைப்பட்ட போயர்கள் இலங்கையின் தியத்தலாவைக்கும், நம் திருச்சிராப்பள்ளிக்கும் பல்லாரிக்கும் அனுப்பப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டனர். நம் முன்னோருட் சிலர் அத்தாடிக்காரப் பண்ணையாளரைக் கண்ணாற் கண்டிருத்தல் கூடும்.

இறுதியில் 1902 மே மாதம் வெரீனிகிங் என்னுமிடத்தில் அறுபது பிரதிநிதிகள் கூடினர். முகாம்களிற் பெண்டிர் படும் துயரும், எரிந்த நிலங்களும், பசித்த வீரரும் அவர்கள் கண்முன் நின்றன. 54 பேர் சமாதானத்துக்கு இசைந்தனர். ஆறு பேர் மறுத்தனர். தலைவர் ஸ்டைன் நோயுற்றமையால் அவர் பதவியை ஏற்றிருந்த டி வெட், ஒற்றுமை குலையலாகாது என்று கருதித் தம் மக்களையும் இசையச் செய்து, மே 31-ஆம் நாள் இரவு கையெழுத்திட்டார். படைக்கலங்களை ஒப்புவிக்கவேண்டும் என்பது உடன்படிக்கையின் முதல் விதி. தற்காப்புக்கு வேண்டுவோர் அநுமதிச் சீட்டுப் பெற்றுத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதும் அதில் அடங்கிற்று. கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை அளிக்கும் பேச்சை ஒத்திப்போட்ட விதியும் அதிலேயே உளது. தம் உரிமைக்காக மூன்றாண்டு போராடியவரே பிறர் உரிமையை எண்ணாது விட்டனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

போருக்குப்பின் டி வெட் ஐரோப்பா சென்றார். கப்பற் பயணத்திலேயே, பாதிரியார் கெஸ்டல் துணையோடு, தம் மூன்றாண்டுப் போரின் வரலாற்றை எழுதி முடித்தார். மணலிற் பெட்டி புதைத்த செய்தியும் அந்நூலிலேயே காணப்படுவது. 1907-ல் ஆரஞ்சு நாட்டின் விவசாய மந்திரியானார். 1914-ல் உலகப்போர் மூண்டது. செர்மானியர் வசமிருந்த தென்மேற்கு ஆப்பிரிக்காவைத் தாக்கத் தென்னாப்பிரிக்க அரசு முடிவுசெய்தபோது, அதனை எதிர்த்து அறுபது வயதில் மீண்டும் குதிரையேறினார். இம்முறை எதிரே நின்றவர் ஆங்கிலேயரல்லர்; பழைய தோழராகிய போத்தாவின் படையே. அக்கிளர்ச்சியில் தம் மைந்தருள் ஒருவரை இழந்தார். மோட்டார் வண்டிகள் துரத்த, குதிரைகள் களைக்க, டிசம்பர் 1-ஆம் நாள் பிடிபட்டார். ஆயிரம் வேலிகளைத் தாண்டிய குதிரைவீரர் பெட்ரோல் வண்டிக்குத் தோற்றார். ஆறாண்டுச் சிறையும் 2,000 பவுன் அபராதமும் விதிக்கப்பட்டன. எனினும் 1915-ஆம் ஆண்டு முடிவதற்குள் விடுவிக்கப்பட்டார். 1922 பிப்ரவரி 3-ல் காலமானார். புளூம்பாண்டைனில், முகாம்களில் மாண்ட பெண்டிர்க்கும் சிறார்க்கும் எழுப்பிய நினைவுத் தூணின் அடியில் அவரை அடக்கம் செய்தனர்.

அன்பர்களே, இச்சரித்திரத்தால் யாம் பெறும் பயன் யாது? துப்பாக்கியைப் புதைக்குமாறு யாம் எவர்க்கும் கூறவில்லை. அநுமதியின்றிப் படைக்கலம் வைத்தல் சட்டத்திற்கு மாறு. ஆனால் நம் ஒவ்வோரில்லத்திலும் மண்வெட்டியும் அரிவாளும் கொழுவும் உள. அறுவடை முடிந்த மாலையில் மண்ணொட்டியபடியே அவற்றை மூலையிற் சாத்திவிடுகின்றோம். கழுவித் துடைத்து, வெயிலில் உலர்த்தி, எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவுதற்குக் கால் நாழிகையும் ஆகாது. ஈரச் சாக்கிலும் தோலிலும் சுற்றாது, தரையிற் படாது, காற்றாடும் உலர்ந்த இடத்தில் தொங்கவிட்டால், தந்தை வாங்கிய கருவி பேரனுக்கும் பயன்படும்.

மற்றொன்றும் உண்டு. தோட்டாவைக் காக்க மணலும் உலர்ந்த பருவமும் டி வெட்டுக்குக் கிடைத்தன. உடன்பிறப்பின் அன்பைக் காக்க அவருக்கு வழி கிடைக்கவில்லை. எண்ணெய் இடாத இரும்பு ஓராண்டிற் கெடும். உரையாடாத உறவு அதனினும் விரைவிற் கெடும். நீரும் காற்றும் கூடினாலன்றித் துரு இல்லை என்றோம். அவ்வாறே, கருத்து வேற்றுமை ஒன்றினாலேயே பிளவு நேர்வதில்லை. அதனோடு பேசாமை என்பதும் கூடும்போதே நேர்கின்றது. கருத்து வேற்றுமையை நம்மால் முற்றும் விலக்க இயலாது. பேசாமையை விலக்க இயலும். வரும் திங்கட் கூட்டத்திற்கு, நெடுநாள் முகம் பாராதிருக்கும் உறவினர் இருவர் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு வருவாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை யாம் பெற்றவராவோம்.